பொறியாளர் ஹராலம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி

"ஆளு உயிரோட இருக்கானேக்கா," என்றான் மெதோதி.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் நெதெல்கா. "நீ அச்சடி."

செத்தவர்களுக்கு அஞ்சலித் தாள் அச்சடிக்கும் மெதோதியின் கடை ஸ்வெதோவோ நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்தது. நோயாளிகள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மனம் ஒடிந்துவிடுவார்கள் என்று நகராட்சி கவலைப்பட்டதால், பலகையில் 'நித்திய சேவை' என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் ஒரு புறா வரைந்திருந்தான். புறாவை நம்பித் தபால் அனுப்ப வந்து, சவப்பெட்டிகளைப் பார்த்து மிரண்டு ஓடியவர்கள் உண்டு. ருதினா என்ற ஊர் இருந்தவரை மெதோதி அங்கே ஓட்டு ஆலையில் ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஊர் போன பிறகு ஊர்க்காரர்களை அடுக்குகிறான்.

நெதெல்கா மேஜைமேல் ஒரு படத்தை வைத்தாள். பழைய தேர்தல் சுவரொட்டியிலிருந்து வெட்டியது. நெஞ்சின் குறுக்கே மூவர்ணப் பட்டை, கொஞ்சம் தூக்கிய நாடி, நாட்டின் எதிர்காலம் எதிர்வீட்டு மாடியில் காய்வதுபோல் ஒரு பார்வை. ருதினாவின் கடைசி மேயர், பொறியாளர் ஹராலம்பி க்யூரோவ். 'பொறியாளர்' என்பதை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவர் எந்த இயந்திரத்தைத் தொட்டார், அது பிறகு ஓடியதா என்பது ருதினாவில் யாருக்கும் தெரியாது.

"சனிக்கிழமை நம்ம ஊரு நினைவுச்சின்னத்தத் திறக்கப் போறானாம். அழைப்பு வந்துச்சா உனக்கு?"

"வந்துச்சு. 'ருதினா நம் இதயங்களில் வாழ்கிறது.'"

"இவன் வித்த ஊரு இவன் இதயத்துல குடியிருக்காம். வாடகை எவ்வளவுன்னு கேட்டியா?"

மெதோதி சிரித்துவிட்டான். கடையில் சிரிப்பது தொழிலுக்கு ஆகாது என்பது நினைவுக்கு வந்து, முகத்தைத் துக்கத்துக்கு மாற்றினான். "அக்கா, நான் சொல்றதக் கேளு. உயிரோட இருக்கறவனுக்கு அஞ்சலித் தாள் ஒட்டுறது நல்லதில்ல. போலீசுக்காகச் சொல்லல. இது அதவிடப் பெரிய விஷயம்."

"அவன் கிழிச்சானே, அதவிடப் பெருசா?"

மெதோதி படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அந்தக் கிழிப்பைச் சொன்னால் ருதினாக்காரன் எவனும் வழிக்கு வந்துவிடுவான்.

*

ருதினாவில் செத்துப்போனவர்கள் யாரும் ஊரைவிட்டுப் போனதில்லை. படம் போட்ட அஞ்சலித் தாளாகித் தங்கள் வீட்டுக் கதவுக்கே திரும்பி வருவார்கள். நாற்பதாம் நாள் ஒரு தாள், ஆறாம் மாதம் ஒன்று, அதன்பின் வருடந்தோறும் ஒன்று. கதவில் இடம் போதாவிட்டால் மின்கம்பம், பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடைச் சுவர். காலையில் ரொட்டி வாங்கப் போகிறவன் நாலு உயிருள்ளவர்களுக்கும் பத்துச் செத்தவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒட்டிய தாளை மழை கரைக்கலாம், வெயில் உரிக்கலாம். மனிதக் கை தொடக்கூடாது. தொட்டுக் கிழித்தால் அடுத்த தாளில் கிழித்தவன் படம்தான் வரும். இதைக் கடவுளை நம்பாதவர்களும் நம்பினார்கள். கட்சிக்காரர்கள்கூட இதில் மட்டும் பழைமைவாதிகள்.

ஊருக்கு அழகு என்று எதுவும் கிடையாது. ஓட்டு ஆலையின் சிவப்புத் தூசி எல்லாவற்றின்மேலும் படியும். துவைத்த வெள்ளைச் சட்டை மாலைக்குள் இளஞ்சிவப்பாகிவிடும். பனி பெய்தால் அதுவும் சிவக்கும். மாவட்டப் போட்டிக்குப் போன பந்தாட்ட அணிக்குச் சீருடை வாங்கப் பணமில்லாதபோது, ஆளுக்கொரு வெள்ளைச் சட்டையை ஒரு வாரம் சூளைக்குப் பக்கத்தில் காயப்போட்டு, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி ஆடினார்கள். தோற்றுத்தான் வந்தார்கள். ஆனால் சட்டை நன்றாக இருந்தது என்று எதிரணியே சொன்னது.

இப்படிப்பட்ட ஊருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. ஊருக்கு மேலே ஹராலம்பி இருந்தார். சுரங்கக் கம்பெனிக்கு இரண்டும் வசதியாக அமைந்துவிட்டன. கூட்டத்துக்குமேல் கூட்டம் போட்டு 'முன்னேற்றத்தின் அழைப்பு' என்றார். முன்னேற்றம் ஏன் இந்தத் தெருப் பக்கம் மட்டும் வருகிறது, அவருடைய மைத்துனன் பண்ணைப் பக்கம் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களைத் தொலைநோக்கு இல்லாதவர்கள் என்றார். கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நெதெல்காவும் போட்டாள். அதுகூட அவளுக்குப் பெரிய வலி இல்லை. ஊர்கள் சாவது உண்டு, மனிதர்களே சாகிறார்கள்.

வலி வேறு. ஊர் காலியாவதற்கு முன் அமைச்சர் ஒருவர் 'விடைபெறும் விழா'வுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் ஹராலம்பி சுரண்டும் தகடுகளோடு நகராட்சி ஆட்களைக் கூட்டிக்கொண்டு முதல் சூளைத் தெருவுக்கு வந்தார்.

"அமைச்சர் வர்ற வழியில இத்தனை பொணமா? டிவில காட்டுனா என்ன நினைப்பாங்க? எல்லாத்தையும் சுரண்டுங்கய்யா!"

ஆட்கள் அசையவில்லை. ஒருவன் தகட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். ஹராலம்பிக்குக் கோபம் வந்தது. பகுத்தறிவு என்றால் என்ன என்று காட்டுவதற்காகக் கைக்கு எட்டிய முதல் கதவுக்குப் போய், அதிலிருந்த தாளை மேல்நுனியில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அது நெதெல்காவின் கதவு. தாளில் இருந்தவன் ரங்கெல், அவள் புருஷன், சூளை நெருப்பைப் பார்த்துக்கொண்டவன். அன்றைக்கு அவன் செத்து ஆறு வருடம்.

கையில் மாவோடு வெளியே வந்த நெதெல்கா, "அது என் வீட்டுக்காரர்," என்றாள்.

"தெரியும்மா. அருமையான தொழிலாளி. பெரிய நோக்கத்துக்குச் சின்ன தியாகம்," என்று சொல்லி, ரங்கெலை உருண்டையாகக் கசக்கித் தெருவோரக் குப்பைத்தொட்டியில் போட்டார். மேயர் கை வைத்துவிட்டார், பாவம் முதலில் அவருக்குத்தான் என்று தெரிந்ததும் ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். மாலைக்குள் ஊரில் ஒரு முகம் மிச்சமில்லை. நெதெல்கா அந்த உருண்டையை எடுத்து அடுப்படியில் காயவைத்துப் பிரித்தாள். பசை இறுகி, ரங்கெலின் நெற்றியும் நாடியும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் பிரிக்க நடுமுகம் தூளாக உதிர்ந்தது.

அவள் சமையலறை இருந்த இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் பெரிய பள்ளம். அதற்குள் தோண்டும் இயந்திரத்தின் வாளி ஏறி இறங்குகிறது. ஊரார் ஸ்வெதோவோவின் அடுக்குமாடிகளிலும், ஸ்பெயினின் ஸ்ட்ராபெரித் தோட்டங்களிலும் சிதறிப் போனார்கள். கல்லறைகளைத் தோண்டி எலும்புகளையும் கொண்டுவந்து, நகரத்தின் கோடியில் ஒரே குழியில் போட்டார்கள். இறந்தவர்களின் பெயர்கள் 'இரண்டாம் கட்டத்தில்' நினைவுச்சின்னக் கல்லில் பொறிக்கப்படும் என்றார் ஹராலம்பி. முதல் கட்டத்தில் பொறிக்கப்பட்டவை அமைச்சர் பெயர், கம்பெனி பெயர், பொறியாளர் ஹராலம்பி க்யூரோவ்.

ஊரிலிருந்து நெதெல்காவுக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து அவர்மேல் இருந்த ஆத்திரம். அதுவும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, அதுதான் அவளுக்கு அச்சம். சந்தையில் பார்க்கிற ருதினாக்காரர்கள் 'விடுக்கா, ஆனது ஆச்சு, இங்க லிஃப்ட் இருக்கே' என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். லிஃப்டுக்காக மன்னித்துவிடுவார்கள் போலிருந்தது. அது நடக்கக்கூடாது. ஹராலம்பி மன்னிக்கப்படாமல் சாக வேண்டும். அதற்கு இன்னும் வெகு காலம் ஆகும் போலிருந்ததால், ஒரு ஒத்திகையாவது நடக்கட்டும் என்று நினைத்தாள்.

*

"சரி," என்றான் மெதோதி கடைசியில். "வாசகம் சொல்லு."

"'ஊரை வித்த திருடன்'னு போடு."

"அது முடியாதுக்கா. தாள்ல வசவுக்கு எடமே கெடையாது. 'அன்பான', 'அரிய', 'மறக்க முடியாத'. இந்த மூணுல எது வேணும்னுதான் வர்றவங்ககிட்ட கேப்பேன். பொண்டாட்டிய அடிச்சவனுக்கும் அதான், கடன்காரனுக்கும் அதான்."

நெதெல்கா யோசித்தாள். "மூணையும் போடு. அந்த மூஞ்சிக்குக் கீழ அதப் படிச்சா சனம் சிரிச்சே உருளும்."

அங்கேதான் அவள் தப்பாகக் கணக்குப் போட்டாள். ஆனால் அன்றைக்கு அது தெரியவில்லை. 'ருதினாவின் அன்பான, அரிய, மறக்க முடியாத மேயர், பொறியாளர்' என்று கறுப்புக் கட்டத்துக்குள் அச்சாகி வந்தபோது, மையின் வாசனையே அவளுக்கு இனிப்பாக இருந்தது.

பட்டப்பகலில் போய் ஒட்டினாள். கறுப்புத் துணி கட்டிய ஒரு பெண் பசை டப்பாவோடு கதவுக்குக் கதவு போவதை அந்த நகரத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒருவர் கதவைத் திறந்து பிடித்து, "கடவுள் மன்னிக்கட்டும்மா," என்று செத்தவர்களுக்காக அங்கே வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொன்னார். ஹராலம்பி குடியிருந்த கட்டடத்தின் வாசற்கதவில் ஒன்று, ருதினாக்காரர்களின் கட்டடங்களில் சில, பூங்காவில் திறப்பு விழாவுக்காகப் போட்டிருந்த மேடையின் பக்கப்பலகையில் ஒன்று. பிறகு ஹராலம்பியின் வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையைப் பிரித்தாள்.

முதலில் மூன்றாம் மாடிக்காரி வந்து படித்தாள், சிலுவை போட்டாள், மூக்கைச் சிந்தினாள். அவள் மூக்கைத் துடைக்கும்போதே லிஃப்ட் திறந்து ஹராலம்பி வெளியே வந்தார். அவள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

அவள் கதவைக் காட்டினாள். ஹராலம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னைப் படித்தார். முகத்தில் ரத்தம் சுண்டி, படத்தைவிட மோசமாகிவிட்டார்.

"யோர்தாங்கா! இதக் கிழி!"

கட்டடத்தைப் பெருக்கும் யோர்தாங்கா துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "மாட்டேங்கய்யா. எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்கு."

"மூடநம்பிக்கை! வெறும் பேப்பர்டி இது!"

"அப்ப நீங்களே கிழிங்க, பொறியாளரே. வெறும் பேப்பர்தானே?"

ஹராலம்பி கையைத் தூக்கினார். தாளின் மேல்நுனி வரை கொண்டுபோனார். ஒரு ஊரின் முகங்களையெல்லாம் ஒரே பகலில் சுரண்ட வைத்த அதே கை, தன்னுடைய முகத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பிறகு சட்டைப் பொத்தானைச் சரி செய்யத்தான் தூக்கினேன் என்பதுபோல் இறங்கியது.

நெதெல்கா விதையின் தோலைத் துப்பினாள். பல வருடங்களில் இவ்வளவு ருசியான விதையை அவள் தின்றதில்லை.

*

அன்று மாலைக்குள் தாளின் படம் கைபேசி கைபேசியாய் ஓடி ஸ்பெயின்வரை போய்விட்டது. ஹராலம்பி உள்ளூர் வானொலியில் போய், "நான் உயிருடனும் சேவை மனப்பான்மையுடனும் இருக்கிறேன்," என்று பேசினார். அவர் பேச்சு எப்போதும் வானொலியில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. "பழைய பதிவு போடறாங்க, பாவம்," என்றார்கள்.

அவர் மனைவி வெனெதா தேவாலயத்துக்கு ஓடினாள். அங்கே மெழுகுவர்த்தி விற்கும் கிழவி ஒரு வழி சொன்னாள். செத்தவனுக்குச் செய்கிற மாதிரி சர்க்கரை போட்டுக் கோதுமை அவித்து, ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். சாவு வந்து பார்க்கும், 'இங்க வேலை முடிஞ்சது' என்று போய்விடும். பகுத்தறிவாளர் ஹராலம்பி அதை வன்மையாகக் கண்டித்தார். பிறகு, "கொஞ்சம் நிறையவே அவி," என்றார்.

சனிக்கிழமை ருதினாவே திரண்டு வந்தது. நெதெல்கா பூங்காவில் நுழைந்தபோது அவள் நெஞ்சு நிறைந்தது. ஊர் காலியான பிறகு இவர்களையெல்லாம் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. தகரம் அடிக்கிற கிரோ, டீச்சர் மாராவின் மகள் சோஃப்கா, சூளையில் ரங்கெலோடு வேலை செய்த த்ரைகோ. எல்லோரும் கறுப்பில். கையில், செத்தவர்களுக்குக் கொண்டுபோகிற கணக்கில், இரட்டைப்படையில் பூ. சிரிக்க வந்திருக்கிறார்கள், காறித்துப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் வெனெதா கறுப்பு முக்காட்டோடு பெரிய தட்டில் கோதுமையை வைத்துக்கொண்டு நின்றாள். ஹராலம்பியைக் காணவில்லை. விழாவுக்கு வரவேண்டிய துணை அமைச்சரை வரவேற்க நெடுஞ்சாலைவரை போயிருந்தார். துணை அமைச்சரோ வழியில் ஒரு ஆட்டுக்கறிக் கடையில் மக்கள் குறை கேட்டுக்கொண்டிருந்தார்.

த்ரைகோ தொப்பியைக் கழற்றினான். "எப்பம்மா நடந்துச்சு?"

"எதுவும் நடக்கலைங்க. உயிரோட இருக்கார். வந்துகிட்டே இருக்கார்," என்றாள் வெனெதா.

"ஆமாம்மா. எங்க போயிடப் போறார்? நம்ம கூடத்தான் இருப்பார்," என்று த்ரைகோ அவள் தோளைத் தட்டினான். ஒரு கரண்டிக் கோதுமையை வாயில் போட்டு மென்றான். "கடவுள் மன்னிக்கட்டும். என்ன இருந்தாலும் பந்துக் கம்பத்துக்கு வலை வாங்கிக் குடுத்தார்."

நெதெல்கா த்ரைகோவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வலையா? ஓட்டை வலை அது, த்ரைகோ!"

"செத்தவங்களப் பத்திப் பேசறப்ப ஓட்டையெல்லாம் பாக்கக் கூடாது நெதெல்கா."

கிரோ வந்தான். "கடவுள் மன்னிக்கட்டும். எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒரு தடவை வண்டி குடுத்தார்."

"பெட்ரோலுக்கு உங்கிட்ட காசு வாங்குனானேடா!"

"ஆனா வண்டி குடுத்தாரில்ல?"

சோஃப்கா வந்தாள். அவள் அம்மாவின் தாளை ஹராலம்பியின் ஆட்கள் சுரண்டியபோது மயங்கி விழுந்தவள் அவள். ஒரு கரண்டி. "கடவுள் மன்னிக்கட்டும்." பின்னால் இன்னொருவர். இன்னொருவர். மேடைப்பலகையில் இருந்த தாளுக்குக் கீழே பூக்கள் குவிந்தன. அன்பான, அரிய, மறக்க முடியாத. யாரும் சிரிக்கவில்லை. தாளில் இருப்பதைப் படித்தார்கள், தாளில் இருப்பதையே சொன்னார்கள். நெதெல்கா அவரைக் கொல்லவில்லை. கழுவி, துடைத்து, மாலை போட்டு வைத்திருக்கிறாள். இது அவளுக்கு இப்போது புரிந்தது.

வெனெதாவின் கரண்டி அவள் முன்னால் வந்து நின்றது. "எடுத்துக்க நெதெல்கா. நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

நெதெல்கா பற்களை இறுக்கிக்கொண்டாள். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஹராலம்பி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மூவர்ணப் பட்டை அணிந்து, கண்ணில் நீரோடு. பக்கத்தில் துணை அமைச்சர், பல் குத்திக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றார்களோ. ஒரு பெண் கிறீச்சிட்டாள். த்ரைகோ தொப்பியை மறுபடி மாட்டினான், மறுபடி கழற்றினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, அந்த வழியாகத் தன் அஞ்சலிப் பூக்களைத் தாண்டி ஹராலம்பி ஒலிவாங்கிக்குப் போனார்.

"அன்பிற்குரிய ருதினாப் பெருமக்களே! என் மரணத்தை அறிவித்த அந்த அநாமதேயக் கரத்திற்கு நன்றி கூறுகிறேன். ஒரு தலைவன் தன் மக்களின் உண்மையான உள்ளத்தைக் கேட்கும் பேறு பெறுவது அரிது. நான் கேட்டேன். வலை, வண்டி, எதையும் நீங்கள் மறக்கவில்லை. உங்கள் மன்னிப்பைத் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன்!"

துணை அமைச்சர் கைதட்டினார். பழக்கதோஷத்தில் சிலரும் தட்டினார்கள்.

நெதெல்கா மேடைப்பலகையை நோக்கி நடந்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் மெதோதி கூட்டத்திலிருந்து கத்தினான். "அக்கா, வேணாம்! கையால தொடாதே!"

இந்தக் காரியத்தைச் செய்தவனைத்தான் இத்தனை காலம் வெறுத்தாள். தாளின் மேல்நுனியைப் பிடித்தாள். பசை நல்ல பசை, அவளே போட்டது. ஒரே இழுப்பில் வரவில்லை. நாடி தனியாக, நெற்றி தனியாக, மூன்று இழுப்பு இழுக்க வேண்டியிருந்தது.

"பாவம் என்னோட போகட்டும்," என்றாள். "ஒட்டுனதும் நான்தான், கிழிச்சதும் நான்தான். அடுத்த தாள்ல என் படம் வந்தா வரட்டும், நல்ல படமாப் பாத்துப் போடு மெதோதி. இப்ப எல்லாரும் கேளுங்க. நீங்க மன்னிச்சது செத்துப்போன ஒருத்தன. அப்படி ஒருத்தன் இல்ல. இதோ நிக்கிறான் பாருங்க, ஆட்டுக்கறி வாசனையோட. உயிரோட இருக்கறவனுக்கு அந்த வார்த்தை செல்லாது. திருப்பி வாங்கிக்கங்க!"

ஹராலம்பி ஒலிவாங்கியில், "உணர்ச்சிவசப்பட்ட ஒரு சகோதரி..." என்று தொடங்கினார்.

த்ரைகோ குனிந்தான். முழங்கால் வலியோடு, குவியலில் தன் பூங்கொத்தைத் தேடி எடுத்தான். அதிலிருந்து ஒரு பூவை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, உயிரோடு இருப்பவனுக்கான ஒற்றைப்படையாகிப் போன மிச்சத்தை ஹராலம்பியின் கையில் திணித்தான். "நல்லா இருய்யா," என்றான். "நெடுநாள் இருந்து அனுபவி." வாழ்த்து மாதிரியே இருந்தது, ஆனாலும் ஹராலம்பி ஓரடி பின்வாங்கினார். கிரோவும் தன் கொத்தைத் தேடினான். சோஃப்காவும் தேடினாள்.

நெதெல்கா வெனெதாவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். "கோதுமை வீணாகக் கூடாது. இவனுக்குன்னு அவிச்சது செல்லாது. ஆனா நம்மகிட்ட நெஜமாச் செத்த ஆளுங்க இருக்காங்க." ஒரு கரண்டியைக் கோபுரமாக அள்ளி ஹராலம்பியின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "முதல் சூளைத் தெரு, நீலக் கதவு. ரங்கெல். நெருப்பைப் பாத்தே எந்த ஓடு வெடிக்கும்னு பந்தயம் கட்டித் தோத்துக்கிட்டே இருந்தவர். சாப்பிடு. சொல்லு."

செத்தவர் பேரில் நீட்டிய கோதுமையை மறுத்தவன் என்று அந்த நாட்டில் எவனும் பெயர் வாங்கியதில்லை. அதுவும் டிவி கேமராவுக்கு முன்னால், துணை அமைச்சருக்குப் பக்கத்தில். ஹராலம்பி சுற்றிலும் பார்த்தார். வாயைத் திறந்தார். மென்றார்.

"கேக்கல," என்றாள் நெதெல்கா. "ஒலிவாங்கில சொல்லு."

"கடவுள்... ரங்கெலை... மன்னிக்கட்டும்," என்றது பூங்காவின் எல்லாத் திசையிலிருந்தும் ஹராலம்பியின் குரல்.

கரண்டி த்ரைகோவிடம் போனது. அவன் அதைவிடப் பெரிதாக அள்ளினான். "ரெண்டாம் சூளைத் தெரு, கதவே இல்லாத வீடு. எங்கண்ணன் ஸ்பாஸ். நாரைக்கூட்டுக்காகப் புகைபோக்கில ஏறிட்டு எறங்கத் தெரியாம ராத்திரி பூரா மேலயே உக்காந்திருந்தவன். சாப்பிடுங்க, பொறியாளரே."

"எங்கம்மா மாரா. ரொட்டிக்கடைக்கு எதிர் வீடு. ஊருக்கே எழுத்து சொல்லிக் குடுத்தவங்க, உங்களுக்கும் சேத்து. நீங்க கடைசி பெஞ்சு. சாப்பிடுங்க."

வரிசை மேடையிலிருந்து பூங்கா வாசல்வரை நீண்டது. ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு தெரு, ஒரு கதவு, ஒரு ஆள். பள்ளத்துக்குள் போன ஊர் வீடு வீடாக எழுந்து ஹராலம்பியின் வாய்வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பட்டைமேல் சர்க்கரை உதிர நின்றார். எழுதிவைத்த உரை பையிலேயே இருந்தது. அதற்கு வாய் காலியாக இல்லை.

துணை அமைச்சர் உதவியாளரிடம் குனிந்தார். "இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா?"

"உள்ளூர் மரபு, ஐயா."

"நல்ல மரபு," என்று சொல்லிவிட்டுத் துணை அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹராலம்பி கையை உயர்த்தி, தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். யாரும் நகரவில்லை. தட்டில் கோதுமை பாதிக்குக் கீழே போயிருந்தது. வரிசையின் கோடியிலிருந்து கிரோ எக்கிப் பார்த்துக் கவலையோடு கத்தினான். "எங்க தெரு வரைக்கும் பத்துமா?"

வெனெதா முக்காட்டை அவிழ்த்து மடித்துக்கொண்டே புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த பார்வை அது.

"கவலைப்படாதீங்க," என்றாள். "வீட்ல இன்னொரு குண்டான் இருக்கு. போய் எடுத்துட்டு வர்றேன்."